ஃப்ளாட் சங்கத்துக்கு வங்கிக் கணக்கு: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் பார்ப்பது

பில்டர் கட்டடத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியிருக்கும். அல்லது செயலாளரின் ஜிபே எண்ணுக்கே பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கும் மெயின்டனன்ஸ் பணத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர நினைத்திருப்பீர்கள். எப்படி இருந்தாலும் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு வேண்டும். பெரும்பாலான கமிட்டிகள் பக்கத்தில் இருக்கும் கிளைக்குப் போய், கொடுத்த படிவத்தை நிரப்பித் தந்துவிட்டு வந்துவிடும். சிக்கல் பிறகுதான் வெளிவரும். நெட் பேங்கிங்கில் பார்க்கத்தான் முடியும், பணம் அனுப்ப முடியாது என்பார்கள். பொருளாளர் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போன ஆறு மாதமும் ஒரு செக்கும் நகராது. பில்டர் தந்த செக், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் குடியிருப்போரே நடத்தும், பத்து முதல் நூற்றைம்பது ஃப்ளாட் வரையிலான சங்கங்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. எந்த வங்கி என்ற கேள்வி இதில் ஆறாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஐந்தையும் முடிக்காமல் கிளைக்குப் போனால், கிளை தன் வசதிக்கு எது சரியோ அதைத் தரும்.

1. பதிவு, பான், வங்கி: இந்த வரிசை மாறக்கூடாது

சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வதுதான் இன்றும் பரவலான வழி. குறைந்தது ஏழு பேர் வேண்டும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தபின் அதன் கீழ் பதிவாகும் சங்கங்களும் உண்டு. உங்களுடையது எந்தச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதைச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் அது தேவைப்படும்.

பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே சங்கத்தின் பெயரில் பான் வாங்க முடியும், ஏனென்றால் பான் விண்ணப்பத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். விண்ணப்பத்தில் எந்த வகை என்று ஓர் இடத்தில் கேட்பார்கள். பதிவு பெற்ற ஃப்ளாட் சங்கங்கள் வழக்கமாக ‘ஏஓபி’ (அசோசியேஷன் ஆஃப் பெர்சன்ஸ், நபர்களின் கூட்டமைப்பு) என்ற வகையைத்தான் தேர்வு செய்கின்றன. ‘டிரஸ்ட்’ என்று டிக் செய்துவிட்டால் பான் எண்ணின் நான்காவது எழுத்தே மாறிவிடும். அப்புறம் வங்கி டிரஸ்ட் டீட் (அறக்கட்டளைப் பத்திரம்) கேட்கும், உங்களிடம் அது இருக்காது. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

பான் வரும் வரை பொறுக்காமல் செயலாளரின் சொந்த பானில் தற்காலிகக் கணக்கு தொடங்கலாம் என்று யோசனை சொல்ல ஒருவராவது இருப்பார். வேண்டாம். கணக்கில் சேரும் வட்டி முழுவதும் அவருடைய வருமானமாக வரித்துறையின் பதிவில் ஏறும். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் சங்கப் பணம் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்துக் கிடக்கும்.

2. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்

பதிவுச் சான்றிதழ், பான், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்ஹெட், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்திலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஃப்ளாட் சங்கங்களில் வழுக்குகிற இடம் நடுவில் வரும் சொற்கள்தான். சான்றிதழில் ‘ஃப்ளாட் ஓனர்ஸ் வெல்ஃபேர் அசோசியேஷன்’ என்று இருக்கும், பானில் ‘வெல்ஃபேர்’ விடுபட்டிருக்கும், ஸ்டாம்ப் செய்கிறவர் ‘அப்பார்ட்மென்ட் ஓனர்ஸ்’ என்று செதுக்கியிருப்பார். கிளையில் பானைச் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பெயர் நீளமாக இருந்தால் வங்கியின் கணினி அதை வெட்டிச் சுருக்கும். கணக்கு திறந்ததும் பாஸ்புக்கிலோ முதல் செக்கிலோ பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பில்டருக்கும் ஃப்ளாட்காரர்களுக்கும் அந்த வடிவத்தையே எழுதிக் கொடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புகிறவர்கள் பெறுபவரின் பெயரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. திரையில் வேறு பெயர் தெரிந்தால் பாதிப் பேர் பணம் அனுப்பாமல் உங்களுக்கு போன் செய்வார்கள்.

3. பணம் வரும் வழியையும் போகும் வழியையும் ஒரு தாளில் எழுதுங்கள்

கணக்கின் வகையை முடிவு செய்வது இந்தத் தாள்தான். 40 ஃப்ளாட், மாதம் ரூ.3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வரவு ரூ.1,40,000. அதில் எத்தனை பேர் யூபிஐயில் அனுப்புகிறார்கள், எத்தனை பேர் நெஃப்ட், செக்கோ ரொக்கமோ தரும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

செலவுப் பக்கத்தில் செக்யூரிட்டி ஏஜென்சி, ஹவுஸ்கீப்பிங், காமன் ஈபி, தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏஎம்சி, ஜெனரேட்டர் டீசல், பிளம்பர் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் நேரே செக்கா, ஆன்லைனா, ரொக்கமா என்று குறியுங்கள். தண்ணீர் லாரிக்காரர் இன்றைக்கே பணம் கேட்பார், இரண்டு கையெழுத்து வாங்கும் வரை நிற்க மாட்டார். அந்த மாதிரிச் செலவுக்கு மாதம் ரூ.5,000 போலக் கைச்செலவுப் பணம் ஒதுக்கி, பில்லைக் காட்டிய பிறகு மறுபடி நிரப்புகிற முறை வைத்துக்கொண்டால், பெரிய தொகைகளுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டியிருக்காது.

வரி கட்டுவதையும் அந்தத் தாளில் சேருங்கள். பதிவு பெற்ற சங்கம் ஒரு ஒப்பந்ததாரருக்கு ஒரே பில்லில் ரூ.30,000-க்கு மேலோ, ஆண்டு முழுக்கச் சேர்த்து ரூ.1,00,000-க்கு மேலோ கொடுத்தால் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றே இந்த வரம்பைத் தாண்டிவிடும். பிடித்த தொகையை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் ஆன்லைனில் கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). வரித்துறைத் தளத்தில் உங்கள் வங்கியின் நெட் பேங்கிங் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் சலான் எடுத்து நெஃப்ட் செய்யலாம், மாதாமாதம் ஒரு வேலை கூடும்.

4. கையெழுத்து யார் யார் என்பதைக் கமிட்டியிலேயே தீருங்கள்

கிளையில் உட்கார்ந்து ‘ஆபரேஷன் மோட்’ என்ற கட்டத்தைப் பார்த்த பிறகு இதை யோசிக்கக் கூடாது. மூன்று முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன.

ஒருவர் கையெழுத்து மட்டும் போதும் என்பது வசதி. ஆனால் கணக்குப் பார்க்கக் கேட்கிற முதல் ஃப்ளாட்காரரோடு சண்டை தொடங்கிவிடும், கையெழுத்திட்டவர் நேர்மையானவராக இருந்தாலும்.

பொருளாளர் கட்டாயம், அவருடன் தலைவர் அல்லது செயலாளர் என்பது பழைய துணை விதிகளில் (பைலா) அதிகம் காணப்படும் முறை. பொருளாளர் ஊரில் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பதவிக்கு வருகிறவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் அல்லது கணக்குத் துறை ஆள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வருடத்தில் பாதி நாள் அவர் இங்கே இருக்கமாட்டார் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

மூவரில் எவரேனும் இருவர் என்பதே பெரும்பாலான சங்கங்களுக்கு ஏற்றது. ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும், காலமாகிவிட்டாலும், கோபித்துக்கொண்டு விலகினாலும் கணக்கு ஓடும். ஒரே ஃப்ளாட்டைச் சேர்ந்த கணவன் மனைவி இருவரும் அந்த மூவரில் இருக்கக் கூடாது என்பதையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் இரண்டு கையெழுத்து என்பது பெயரளவில்தான்.

முடிவு செய்யும்முன் துணை விதிகளைப் பிரித்துப் பாருங்கள். அதில் ‘பொருளாளரும் செயலாளரும் கூட்டாக’ என்று அச்சாகியிருந்தால் கமிட்டித் தீர்மானம் மட்டும் போதாது, வங்கி விதியைத்தான் பார்க்கும். விதியைத் திருத்தப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை இருக்கிற விதிப்படியே கணக்கைத் திறந்து நடத்துங்கள்.

5. சேமிப்புக் கணக்கா, நடப்புக் கணக்கா

கவுன்ட்டரில் கேட்டால் பெரும்பாலும் ‘அசோசியேஷன் என்றால் கரன்ட் அக்கவுன்ட்தான்’ என்பார்கள். அது முழு உண்மை இல்லை. நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் பொதுவாகச் சேமிப்புக் கணக்கு கிடையாது என்று ரிசர்வ் வங்கி விதி சொல்வது சரிதான். அதே விதியில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 1860-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டம், அல்லது அதற்கு இணையான மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கங்கள் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த விலக்கு இல்லை. 1975-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான உங்கள் சங்கம் இந்தப் பட்டியலுக்குள் வருகிறது.

தனியார் வங்கிகளில் இதற்கு ‘டாஸ்க்’ கணக்கு என்று பெயர். டிரஸ்ட், அசோசியேஷன், சொசைட்டி, கிளப் ஆகியவற்றின் முதல் எழுத்துகள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், சரியான மேசைக்கு அனுப்புவார்கள். 2022-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்றால், பட்டியலில் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கிளை மேலிடத்தைக் கேட்டுத்தான் பதில் தரும். பதிலை இமெயிலில் வாங்கிக்கொண்ட பிறகு அடுத்த அடி வையுங்கள்.

சேமிப்புக் கணக்கில் வட்டி உண்டு என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது கட்டணம். சேமிப்புக் கணக்குக்காரர்கள் ஆன்லைனில் அனுப்பும் நெஃப்டுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள விதி. நடப்புக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குறைந்தபட்ச இருப்பும் நடப்புக் கணக்கில்தான் கூடுதல். இருப்பு குறைந்தால் அபராதமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் கழியும்.

நடப்புக் கணக்கே சரியாக வரும் சங்கங்களும் உண்டு. நூறு ஃப்ளாட்டுக்கு மேல், மாதம் நூற்றுக்கணக்கான வரவு, நிறையச் செக், தினசரி ரொக்கம் என்றால் சேமிப்புக் கணக்கின் இலவச எண்ணிக்கைகள் போதாமல் போகலாம். மூன்றாம் பகுதியின் தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

சின்னக் கட்டடம், ஐந்தாறு ஃப்ளாட்தான், பதிவுக்கு ஏழு பேர் தேறவில்லை என்றால்? பதிவில்லாத சங்கத்துக்கும் வங்கிகள் கணக்கு திறக்கலாம். கமிட்டித் தீர்மானம், கையெழுத்திடுவோருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம், அவர்களுடைய அடையாள ஆவணங்கள், அமைப்பு இருப்பதைக் காட்டும் தாள்கள் எல்லாம் கேட்பார்கள். நடப்புக் கணக்காகத்தான் இருக்கும். எந்தக் கிளையும் இசையாவிட்டால் இரண்டு உரிமையாளர்கள் பெயரில், இதற்கென்றே புதிதாக, ‘இருவரும் கூட்டாக’ என்ற முறையில் ஒரு கணக்கு. இது கடைசி வழி. வட்டி முதல் பெயர்க்காரரின் வருமானத்தில் சேரும் என்பதை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

6. மூன்று கிளைகளில் ஒரே கேள்விகள்

இப்போது வங்கிகளைப் பார்க்கலாம். ஒரு பொதுத்துறை வங்கி, ஒரு பெரிய தனியார் வங்கி, உங்கள் ஃப்ளாட்காரர்களில் பலர் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி என்று மூன்று போதும். கிளை நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். ஆட்கள் மாறும்போதெல்லாம் மூன்று பெரியவர்கள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

முதல் கேள்வி, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: இருவர் சேர்ந்து இயக்கும் சங்கக் கணக்குக்கு, ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தரும் நெட் பேங்கிங் உண்டா? வங்கிக்காரர்கள் இதை மேக்கர்–செக்கர் என்பார்கள். ‘நெட் பேங்கிங் இருக்கு சார்’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். சாதாரண வாடிக்கையாளர் நெட் பேங்கிங்கில் கூட்டுக் கணக்கைப் பார்க்க மட்டும் விடும் வங்கிகள் உண்டு. நிறுவனங்களுக்கான நெட் பேங்கிங்கில்தான் இந்த வசதி இருக்கும், சேமிப்புக் கணக்கோடு அதைத் தருவார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. கட்டணம் உண்டா, மூன்று பேருக்கும் பயனர் பெயர் கிடைக்குமா, எவரேனும் இருவர் என்ற முறையை அது ஏற்குமா என்பதையும் கூடவே கேளுங்கள். கூட்டாக இயக்கும் கணக்குக்குப் பொதுவாக டெபிட் கார்டோ, பணம் அனுப்பும் யூபிஐயோ தரமாட்டார்கள். தந்தாலும் வாங்காதீர்கள். ஒரு கையில் இருக்கும் கார்டு இரண்டு கையெழுத்து முறையையே அர்த்தமில்லாமல் செய்துவிடும்.

அடுத்தது, வரவை அடையாளம் காண்பது. சங்கத்தின் பெயரில் யூபிஐ க்யூஆர் தருவார்களா? ஃப்ளாட் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் ‘விர்ச்சுவல் அக்கவுன்ட்’ வசதி உண்டா? 204-ம் ஃப்ளாட்டின் வாடகைதாரர் தன் தம்பியின் போனிலிருந்து ரூ.3,500 அனுப்புவார். ஸ்டேட்மென்டில் தெரிவது தம்பியின் பெயர்தான். 40 ஃப்ளாட்டில் மாதம் ஐந்தாறு வரவு இப்படி ஊர்பேர் தெரியாமல் நிற்கும். தனி எண் இருந்தால் யார் அனுப்பினாலும் அது 204-ன் பெயரில் விழும். ஐம்பது ஃப்ளாட்டுக்குக் கீழே இருந்தால் இதற்குத் தனிக் கட்டணம் கொடுக்காதீர்கள். குறிப்பில் ஃப்ளாட் எண் எழுதச் சொல்லி விடாமல் நினைவூட்டினாலே சமாளித்துவிடலாம். மெயின்டனன்ஸ் வசூல் ஆப் பயன்படுத்தினால், பணம் எந்த நாளில் சங்கக் கணக்குக்கு வருகிறது, கார்டுக் கட்டணத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று அந்த ஆப் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவதாக, கட்டணப் பட்டியல். குறைந்தபட்ச இருப்பு மாதச் சராசரியா, காலாண்டுச் சராசரியா? இலவச செக் இலைகள் எத்தனை? ரொக்கம் கட்ட எத்தனை முறை வரை கட்டணமில்லை? எஸ்எம்எஸ் தகவல் இரண்டு எண்ணுக்கு வருமா? வாய்மொழிப் பதில் வேண்டாம், அச்சிட்ட பட்டியலில் உங்கள் கணக்கு வகைக்கு நேரே உள்ள வரிசையை அவர்களையே குறித்துத் தரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களிடம் இப்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: மெயின்டனன்ஸை அவர்களுடைய என்ஆர்ஓ அல்லது என்ஆர்இ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் கணக்குகள்) ரூபாயில் அனுப்பட்டும். வெளிநாட்டு வங்கியிலிருந்து நேரே சங்கக் கணக்குக்கு அனுப்பினால் எதற்கான பணம் என்று வங்கி ஆவணம் கேட்கும், சங்கம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

7. வட்டியைக் கடைசியில் பாருங்கள்

மாத வரவு ரூ.1,40,000 உள்ள சங்கத்தில் சம்பளமும் பில்களும் போக, கணக்கில் சராசரியாக ரூ.1,00,000 நிற்கலாம். எஸ்பிஐயின் சேமிப்பு வட்டி 2025 ஜூன் 15 முதல் 2.5%, அதாவது வருடத்துக்கு ரூ.2,500. வேறொரு வங்கி இதை விட இரண்டு சதவீதம் கூட்டித் தந்தால் கிடைக்கும் கூடுதல் ரூ.2,000. இந்த ரூ.2,000-க்காக இருவர் ஒப்புதல் வசதி இல்லாத வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் செக் எழுதி இரண்டு மாடி ஏறி இறங்குகிற கமிட்டிகள் நிறைய.

8. வங்கியின் வாசகத்தை வாங்கி வந்து தீர்மானம் போடுங்கள்

வரிசை தவறும் இன்னொரு இடம் இது. கமிட்டி முதலில் தன் போக்கில் தீர்மானம் எழுதிவிடும். வங்கி தன் படிவத்தில் உள்ள வாசகம் வேண்டும் என்று திருப்பி அனுப்பும். மறுபடி கூட்டம், மறுபடி அதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை (கோரம்). கிளையைத் தேர்ந்ததும் தீர்மான மாதிரியை வாங்கிக்கொண்டு, அதை மினிட்ஸ் புத்தகத்தில் அப்படியே ஏற்றுங்கள். மாதிரி எதுவாக இருந்தாலும் கீழ்க்கண்ட விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்:

“சங்கத்தின் பெயரில் மேற்படி வங்கியின் மேற்படி கிளையில் சேமிப்புக் கணக்கு தொடங்குவது என்றும், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்குவது என்றும், நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவதை மற்றொருவர் ஒப்புதல் தந்த பின்னரே பணம் செல்ல வேண்டும் என்றும், சங்கத்தின் பெயரில் வைப்புத்தொகை தொடங்கவும் புதுப்பிக்கவும் இவ்விருவருக்கும் அதிகாரம் உண்டு என்றும், கணக்கை முடிக்கவோ கடன் வாங்கவோ தனித் தீர்மானம் தேவை என்றும் தீர்மானிக்கப்பட்டது.”

கடைசி வரியைப் பல மாதிரிகளில் காண முடியாது. மாறாக, கடன், ஓவர்டிராஃப்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிகாரம் தரும் வரி அச்சாகியிருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்திட முடியுமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். ஃப்ளாட் சங்கத்துக்கு அது தேவைப்படாது.

9. கோப்பு

கொண்டு போக வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், பதிவாளர் சான்றளித்த துணை விதிகளின் நகல், சங்கத்தின் பான், இப்போதைய நிர்வாகக் குழுவைக் காட்டும் படிவம் 7-ன் நகல், அவர்களைத் தேர்ந்தெடுத்த பொதுக்குழு மினிட்ஸ், வங்கித் தீர்மானம், கையெழுத்திடும் மூவரின் பான், ஆதார், புகைப்படம், முதல் தொகைக்கான செக். அசல்களும் கையில் இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தருவார்கள்.

முகவரிச் சான்று கேட்டால் காமன் ஈபி பில்லை நீட்டத் தோன்றும். புதுக் கட்டடத்தில் அந்த இணைப்பு இன்னும் பில்டர் பெயரில்தான் இருக்கும். பதிவுச் சான்றிதழிலோ துணை விதிகளிலோ உள்ள அலுவலக முகவரியைக் காட்டுங்கள்.

குழப்பத்தோடு நிற்க வைக்கும் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று, உண்மைப் பயனாளர் அறிவிப்பு. சங்கத்தில் எந்தத் தனிமனிதருக்கும் பெரும்பங்கு கிடையாது, அதனால் நிர்வாகத்தை நடத்தும் பொறுப்பாளர்களின் பெயர் அதில் வரும். இன்னொன்று ‘ஃபாட்கா’ படிவம். வேறு நாட்டில் வரி கட்டும் அமைப்பா என்பதற்கான அறிவிப்பு அது. காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பும், ஊகித்து டிக் செய்தால் பின்னால் திருத்துவது கஷ்டம். வகை தெரியாத கட்டத்தை ஆடிட்டரிடம் கேட்டு நிரப்புங்கள்.

கணக்கோடு பதிவாகும் இமெயில் சங்கத்துக்கென்று புதிதாகத் தொடங்கியதாக இருக்க வேண்டும். செயலாளரின் அலுவலக இமெயிலைக் கொடுத்துவிட்டு, அவர் வேலை மாறிய பின் ஸ்டேட்மென்ட் எங்கே போகிறதென்று தெரியாமல் இருக்கும் சங்கங்கள் உண்டு.

10. முதல் வாரம்: சோதித்துவிட்டு ஊருக்குச் சொல்லுங்கள்

கணக்கு எண் வந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு ஃப்ளாட்டிலிருந்து யூபிஐயில் ரூ.1, இன்னொன்றிலிருந்து நெஃப்டில் ரூ.1 அனுப்பி, பெயரும் குறிப்பும் ஸ்டேட்மென்டில் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள். பிறகு ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தந்து ரூ.10 வெளியே அனுப்புங்கள். மூவரில் எந்த இருவரைச் சேர்த்தாலும் வேலை செய்கிறதா என்று மூன்று விதமாகவும் பாருங்கள். பதிபவருக்கே ஒப்புதல் தரும் அதிகாரமும் கிடைத்திருக்கிறதா என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். அப்படி இருந்தால் ஒருவரே இரண்டு வேலையையும் செய்துவிடலாம். வங்கியிடம் சொல்லித் திருத்துங்கள்.

செக் பற்றிச் சில வார்த்தை. ரூ.50,000-ம் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு ‘பாசிட்டிவ் பே’ வசதி உண்டு. செக்கின் எண், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்பே தெரிவிப்பது. ரூ.5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி அதைக் கட்டாயமாக்கலாம். பெயின்டிங் கான்ட்ராக்டருக்குப் பெரிய செக் எழுதிவிட்டு இதை மறந்தால் செக் திரும்பலாம். சங்க ஸ்டாம்பைச் செக்கின் அடிப்பகுதியில் உள்ள வெள்ளைப் பட்டையில் படாமல் வையுங்கள், இயந்திரம் படிக்கும் எண்கள் அங்கேதான் இருக்கின்றன. அடித்துத் திருத்திய செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது எழுதுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் அன்றன்றே பட்டுவாடா ஆகின்றன. ‘நாளைக்குத்தானே போகும், அதற்குள் வசூல் வந்துவிடும்’ என்ற கணக்கு இனி எடுபடாது.

11. கார்பஸ் பணத்துக்குத் தனி இடம்

பில்டர் தரும் கார்பஸும் (பெரிய செலவுகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் நிதி), பெயின்டிங், லிஃப்ட் மாற்றம் போன்றவற்றுக்காகச் சேர்ப்பதும் மாதச் செலவுக் கணக்கில் கலக்கக் கூடாது. கலந்தால் நிலுவை வைத்திருக்கும் ஃப்ளாட்களின் பற்றாக்குறையைக் கார்பஸ் சத்தமில்லாமல் ஈடுகட்டும். மூன்று வருடம் கழித்துத்தான் ஓட்டை தெரியும். இரண்டாவது கணக்கு ஒன்று, அதிலிருந்து சங்கத்தின் பெயரில் எஃப்டிகள். ஒரே பெரிய எஃப்டியாகப் போடாமல், நான்கைந்தாகப் பிரித்து வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி போட்டால், மோட்டார் எரிந்து அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றவற்றின் வட்டி குறையாது.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக ரூ.5 லட்சம் வரைதான். ரூ.40 லட்சம் கார்பஸை எட்டு வங்கியில் பிரிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் அரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று முழுத் தொகையையும் ஒரு சிறிய கூட்டுறவு வங்கியில் போடும் யோசனை வந்தால், இந்த வரம்பைப் பொதுக்குழுவில் எடுத்துச் சொல்லுங்கள்.

‘சீனியர் சிட்டிசன் பெயரில் போட்டால் அரை சதவீதம் கூட வருமே’ என்பதும் அடிக்கடி எழும் யோசனைதான். சங்கப் பணம் தனிநபர் பெயரில் போன கணத்தில், சட்டத்தின் கண்ணில் அது அவர் பணம். வருமானமும் அவருடையது, நாமினியும் அவர் குடும்பத்தார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உறுப்பினர் சந்தா வரிக்கு உட்படாது என்ற வாதம் வங்கி வட்டிக்குப் பொருந்தாது. பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. எஃப்டிகளின் ஆண்டு வட்டி ரூ.50,000-ஐத் தாண்டினால் வங்கி 10% டிடிஎஸ் பிடிக்கும், பான் இல்லாவிட்டால் 20%. எஃப்டி ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பான் ஏறியிருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். இரண்டாவது கணக்கில் இரண்டு வருடம் நீங்களாக எந்தப் பரிமாற்றமும் செய்யாவிட்டால் அது செயல்படாக் கணக்காகிவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது அதில் பணம் போட்டு எடுங்கள்.

12. நிர்வாகிகள் மாறும்போது

பொதுக்குழுவில் தேர்தல் முடிந்ததும் கணக்கு தானாக மாறிவிடாது. புதுக் குழுவைப் பதிவாளரிடம் படிவம் 7-ல் தாக்கல் செய்து, அந்த நகலுடன் புதிய தீர்மானம், புதியவர்களின் ஆவணங்கள், மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றைக் கிளையில் கொடுக்க வேண்டும். படிவத்தைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கமான தவறு. பின்னால் இரண்டு கோஷ்டிகளும் நாங்கள்தான் நிர்வாகிகள் என்று வங்கிக்குக் கடிதம் எழுதினால், கிளை மேனேஜர் யார் பக்கமும் போகமாட்டார். கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவிட்டு, பதிவாளரிடமிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ உத்தரவு கொண்டுவரச் சொல்வார். வாட்ச்மேன் சம்பளம் அப்போதுதான் நிற்கும்.

கைமாறும் நாளில் இவை எழுத்தில் வேண்டும்: அன்றைய தேதிக்கு ஸ்டேட்மென்ட், கொடுத்து இன்னும் பணமாகாத செக்குகளின் பட்டியல், பயன்படுத்தாத செக் இலைகள் எந்த எண் முதல் எந்த எண் வரை, எஃப்டி ரசீதுகளும் முதிர்வுத் தேதிகளும், சங்க இமெயிலின் கடவுச்சொல், ஸ்டாம்புகள். கையெழுத்திட்டு வைத்த வெற்றுச் செக் ஏதாவது இருந்தால் இரு தரப்பும் பார்க்க ரத்து செய்யுங்கள். பழையவர்களின் நெட் பேங்கிங் பயனர் பெயர்களை முடக்கத் தனியாகக் கடிதம் கொடுங்கள், செக் கையெழுத்தை மாற்றினால் அதுவும் சேர்ந்து மாறும் என்று எண்ணிவிட வேண்டாம். எஸ்எம்எஸ் போகும் எண்ணும் அப்படித்தான்.

இவை எல்லாம் வங்கியில் ஏறி முடிய நாளாகும். அதுவரை பழைய கையெழுத்தே செல்லும். அதனால் தேர்தல் நடக்கும் கூட்டத்திலேயே, வங்கியில் மாற்றம் பதிவாகும் வரை பழைய இருவரும் புதுக் கமிட்டி எழுத்தில் ஒப்புதல் தந்த பில்களுக்கு மட்டும் கையெழுத்திடுவார்கள் என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.